மறைவிடத் தோல் மாற்றங்கள்: வைத்தியரை நாடும் வேளை

காலிலே முள் தைத்தால் அன்றைக்கே வைத்தியரிடம் செல்கின்ற மனிதர், ஆண்குறியிலே ஒரு சிறு புண் தோன்றினால் மாதக்கணக்காக மறைத்து வைக்கிறார். மனைவிக்கும் சொல்லார், வைத்தியருக்கும் சொல்லார். யாரும் அறியாமல் மருந்துக்கடையிலே ஒரு களிம்பை வாங்கிப் பூசிவிட்டு, தானாக மாறும் என்று காத்திருப்பார். இந்த மௌனமே பல வேளைகளில் நோயினும் கூடிய தீங்கைச் செய்கிறது.

நோயைப் பற்றித் தமிழிலே பேசும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். உடலின் எல்லா உறுப்புகளையும் போல இவ்வுறுப்புகளுக்கும் தமிழிலே பெயருண்டு. அவற்றை வைத்தியர் முன் சொல்வதில் நாணம் கொள்ளவேண்டியதில்லை.

மாற்றங்கள் யாவும் நோயல்ல என்பதை முதலில் அறிதல் நன்று. ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக நிற்கும் முத்துப் போன்ற சிறு பருக்களும், தோலிலே தெரியும் இளமஞ்சள் நிற நுண்மணிகளும் இயல்பானவை. அவை தொற்றுவனவுமல்ல, அழுக்கினால் வருவனவுமல்ல. அவற்றைக் கிள்ளுவதும், காரமான மருந்து பூசுவதுமே புண்ணை உண்டாக்கும்.

வெப்பமும் வியர்வையும் மிகுந்த நாட்டிலே தொடைச் சந்தில் வட்டமாகப் படரும் அரிப்பு பெரும்பாலும் படர்தாமரையாகும். இது பூஞ்சணத்தால் வருவது. ஸ்டீரோயிட் கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும். பூஞ்சணமோ மேலும் பரவும். வாசனைச் சவர்க்காரத்தையும் கிருமிநாசினியையும் விடுத்து, வெறும் நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த உடை அணிதல் வேண்டும். இரண்டு வாரத்தில் குணம் காணாவிடின் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

முன்தோலின் கீழே சிவப்பும் அரிப்பும் வெண்மையான படிவும் அடிக்கடி தோன்றினால், இரத்தத்தில் சீனியின் அளவைச் சோதிப்பது அவசியம். சிலரிடம் நீரிழிவு இவ்வாறே முதன்முதலில் வெளிப்படுகிறது. முன்னர் இலகுவாகப் பின்வாங்கிய முன்தோல் வெளுத்து இறுகத் தொடங்கினாலும் தாமதிக்கலாகாது.

மக்கள் மிகவும் ஏமாறுவது நோவில்லாத புண்ணிலேதான். சிபிலிசு என்னும் மேகநோயின் முதற்புண், பாலுறவுக்குப் பின் ஏறக்குறைய மூன்று வாரத்தில் பெரும்பாலும் வலியின்றித் தோன்றும்; சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். புண் ஆறியதேயன்றி நோய் ஆறவில்லை. கிருமி உடலினுள் தங்கி, பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாகத் தோன்றலாம். ஆண்டுகள் கழிந்தபின் இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கருவுற்ற மனைவி வழியாகப் பிள்ளையையும் சேரலாம். 1905இல் இக்கிருமி கண்டறியப்பட்டது. 1943இல் பெனிசிலின் இதனைக் குணமாக்கும் என்பது தெரியவந்தது. தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அப்பேறு நிலைக்க ஆண்களும் சோதனைக்கு முன்வரவேண்டும்.

ஆகவே புதிய புண், கொப்புளம், மரு, சீழ் வடிதல் ஆகியவற்றைக் கண்டால் இரண்டு வாரம் காத்திராமல், எதையும் பூசாமல், உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். அதுவரை உறவைத் தவிர்க்கவேண்டும். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே சோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

ஆறாத புண், கடினமான கட்டி, நீங்காத செந்தழும்பு, முன்தோலின் கீழிருந்து இரத்தமோ துர்நாற்ற நீரோ கசிதல் ஆகியவை புற்றுநோயின் குறியாகவும் இருக்கலாம். இந்நோய் அரிது. முன்தோல் இறுக்கமும் புகைத்தலும் அதற்கு ஏதுவாகும். தொடக்கத்தில் வந்தவருக்குப் பெரும்பாலும் சிறு சத்திரசிகிச்சையே போதும்; வெட்கத்தால் ஓராண்டு தாமதித்தவர் உறுப்பையே இழக்க நேரலாம்.

ஒரு நாளும் பொறுக்கக்கூடாத நிலைகள் இரண்டு. பின்வாங்கிய முன்தோல் மீளாது வீங்குதல் ஒன்று. கடும் வலியோடும் காய்ச்சலோடும் வீக்கம் விரைந்து பரவுதல், தோல் கறுத்தல் மற்றொன்று. நீரிழிவுள்ளவர்க்கு இது உயிராபத்தானது. இவ்விரண்டிலும் இரவானாலும் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்லவேண்டும்.

வைத்தியரிடம் சொல்லவேண்டியவை சில: எப்போது தோன்றியது, வலி உண்டா, உட்கொண்ட மருந்துகள் எவை, பூசிய களிம்பு எது, யாருடன் உறவு இருந்தது என்பன. உட்கொண்ட மாத்திரையாலும் அவ்விடத்திலே கருந்தழும்பு வருவதுண்டு. ஆதலால் எதையும் மறைத்தலாகாது. வைத்தியருக்கு அது நாள்தோறும் காணும் தோல்நோய்களுள் ஒன்று, குற்ற விசாரணையன்று. அந்தச் சில நிமிட நாணத்தைத் தாங்கிக்கொள்பவர் தம்மையும் காக்கிறார். தம் குடும்பத்தையும் காக்கிறார்.