ஸ்டியரிங் இறுகினால் முதலில் எதைப் பார்ப்பது?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

ஸ்டியரிங் கனத்தால் உடனே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடாதீர்கள். முன் டயர்களில் காற்றைப் பாருங்கள். பல வண்டிகளுக்கு அதோடு சரியாகிவிடும்.

ஆயில் பவர் ஸ்டியரிங் என்றால் டப்பாவில் ஆயில் அளவையும் பெல்ட்டையும் பார்க்கவேண்டும். மோட்டார் வகையில் ஆயிலே கிடையாது. ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் பேட்டரியில் இருந்து ஆரம்பியுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறுகுகிறதா? மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். இரண்டு இடத்தில் மட்டும் பிடித்து, நடுவில் தளர்ந்தால், பெரும்பாலும் ஸ்டியரிங் தண்டில் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கும். நம்ம ஊர் உப்புக்காற்று போதாதா அதற்கு! 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள். துரு ஆயில் அடித்தால் சில நாள் ஓடும், அவ்வளவுதான், ஜாயின்டை மாற்றவேண்டும். முழு ரேக்கையும் மாற்றச் சொன்னால், ஜாயின்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டுச் சம்மதியுங்கள்.

வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லையா? அந்த வண்டியோடு துறைமுகம் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போகவே வேண்டாம். மெக்கானிக்கை இங்கேயே வரச் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காற்று அளக்கும் கருவியோடு பார்க்கிங்கில் இருப்பேன். வண்டியைக் கொண்டு வாருங்கள்.