தாயைப் பேணும் கைக்குக் கூலியா?



நோயுற்ற பெற்றோரை வீட்டில் வைத்துப் பேணுபவர் அதற்காகப் பணம் பெறலாமா என்னும் கேள்வி, பல இல்லங்களில் வாய்விட்டுக் கேட்கப்படுவதே இல்லை. கேட்டால், "பெற்ற தாய்க்குச் செய்வதற்குக் கூலியா?" என்னும் மறுமொழி உடனே வரும். அம்மறுமொழியைச் சொல்பவர் பெரும்பாலும் தாயைப் பேணுபவர் அல்லர்; இரண்டு நாள் வந்திருந்து ஊர் திரும்புபவரே.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். எண்பதைக் கடந்த அம்மையார் பக்கவாதத்தால் படுத்திருக்கிறார். மூத்த மகன் சென்னையில், மகள் பெங்களூரில், இளைய மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில். இளையவரின் மனைவி தனியார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மாமியார் படுக்கையில் விழுந்த மாதமே வேலையை விட்டார். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். இரவும் அக்கணக்கில் சேரும். வெளியாள் ஒருவரை அமர்த்தலாமே எனின், அது எளிதன்று. வடிகட்டிய நீர், கிழங்கு நீக்கிய சமையல், கதிரவன் மறையுமுன் உணவு ஆகியவற்றை அம்மையார் கைவிட மாட்டார். இரவு மாத்திரையை மாலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டு நேரம் குறித்து வந்தவரும் அம்மருமகளே. ஆகவே வீட்டார் கைதான் வேண்டும் என்று பிள்ளைகள் மூவரும் ஒருமனதாக முடிவு செய்கின்றனர். அக்கை யாருடையது என்பதில் மட்டும் பேச்சே எழுவதில்லை.

மருந்துச் செலவுக்கு மூத்தவரும் மகளும் தவறாமல் பணம் அனுப்புகின்றனர். ஆனால் மருமகளின் நின்றுபோன சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பிற நாடுகள் இக்கணக்கை எழுதிப் பார்த்திருக்கின்றன. பிரிட்டனில் 1976 இல், நோயாளியைப் பேணுவதற்காக வேலைக்குச் செல்ல இயலாதவர்க்கு உதவித்தொகை வந்தது. மணமான பெண்களுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது; அவர்கள் எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தாமே என்பது நினைப்பு. தாயைப் பேண வேலையைத் துறந்த ஒரு பெண் வழக்காடினார். அவ்விலக்கு செல்லாது என 1986 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொகை இன்றும் சிறிதே. வாரம் 35 மணி நேரமேனும் பேணுபவருக்கு 2025 இல் 83.30 பவுண்டு, அதாவது மணிக்கு இரண்டரைப் பவுண்டும் இல்லை. ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. வீட்டார் பேணினால், நோயின் கடுமைக்கேற்ப மாதம் 347 முதல் 990 யூரோ வரை (2025 அளவு) நோயாளிக்குத் தரப்படுகிறது. அவர் அதைப் பேணுபவருக்குத் தரலாம். உரிய வரம்புகளுக்கு உட்பட்டுப் பேணுபவரின் ஓய்வூதியக் கணக்கிலும் தொகை கட்டப்படுகிறது.

ஜப்பான் வேறு வழி சென்றது. 2000 இல் தொடங்கிய அதன் காப்பீடு ஆட்களை அனுப்புகிறது. வீட்டாருக்குப் பணம் தருவதில்லை. 'அதுதான் பணம் வருகிறதே' என்று மருமகளைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள் என அங்குள்ள மகளிர் அமைப்புகள் அஞ்சின. அவ்வச்சத்தைத் தள்ளிவிட முடியாது. பணம் மட்டும் தந்து ஓய்வு தராத ஏற்பாடு அரைகுறையே.

இந்தியாவில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007 இல் வந்தது. பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தரவேண்டும் எனத் தீர்ப்பாயம் ஆணையிட அது வழி செய்தது. அச்சட்டம் 'பிள்ளைகள்' என்று சொல்வதில் மகன், மகள், பேரன், பேத்தி அடங்குவர், மருமகள் இல்லை. பேணுபவர் யார் என்றும் அது கேட்பதில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேணுபவருக்கான படியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கேரளம் ஆசுவாசகிரணம் என்னும் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் தருகிறது. தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்புடைய மாற்றுத்திறனாளிகளுக்கு 2023 முதல் 2000 ரூபாய்; அது நோயாளிக்கு உரியது. இத்தொகைகளைக் கொண்டு ஓர் ஆசிரியையின் சம்பளத்தை ஈடுசெய்ய இயலாது. குடும்பமே செய்தால்தான் உண்டு.

வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்றாயிற்றே, அதற்கு விலை பேசலாமா என்று பெரியோர் கேட்கக்கூடும். தவம் ஒருவர் தாமே ஏற்பது. மூவர் கூடி நான்காமவர்மேல் ஏற்றிவைப்பதை அப்பெயரால் அழைக்க இயலுமா? கொடுக்கப்படாததைக் கொள்ளாமையும் அணுவிரதமே. அம்மருமகளின் பத்தாண்டுகள் அவர் கொடுத்தவையா, எடுத்துக்கொள்ளப்பட்டவையா என்று அவ்வில்லத்தார் தம்மைக் கேட்டுக்கொள்வது தகும்.

முதல் மாதத்திலேயே பிள்ளைகள் மூவரும் அமர்ந்து பேசவேண்டும். தாய் பேசவல்லவராயின் அவர் முன்னிலையில். மருமகள் கடைசியாக வாங்கிய சம்பளம், அவ்வூரில் வீட்டுச் செவிலிக்குத் தரும் ஊதியம், இவற்றுள் எது கூடுதலோ அத்தொகை. ஊரிலுள்ள மகனும் தம் பங்கைத் தரவேண்டியவரே. பணம் கணவர் கைக்கன்று, மருமகளின் வங்கிக் கணக்கிற்குச் செல்லவேண்டும். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதியைப் போடுவது நன்று. 'வேண்டாம்' என்று மருமகளே முதலில் மறுப்பார். அம்மறுப்பை ஏற்பது வசதியாக இருப்பதால் பலரும் உடனே ஏற்றுக்கொள்கின்றனர். இரண்டாம் முறையும் கேட்கவேண்டும்.

'பிறகு நிலத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் வாய்ச்சொல்லால் உடைந்த குடும்பங்கள் பல. தாய் தம் வீட்டை ஒருவருக்கு எழுதித் தர விரும்பினால், பேணவேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. பேணாவிடில் 2007 சட்டத்தின் 23 ஆம் பிரிவின்படி அதை நீக்கக் கோரலாம். மாதத் தொகையோடு இதைக் கலக்க வேண்டியதில்லை.

ஆண்டில் ஒரு மாதம் மூத்தவரோ மகளோ வந்து தங்கிப் பேணவேண்டும். பணம் அனுப்பிவிட்டதால் இது தீர்ந்துவிடாது. மாத்திரை நேரமும் புரட்டும் முறையும் அறிந்தவர் இருவரேனும் இருப்பது அம்மையாருக்கும் பாதுகாப்பு.

தாய் மறைந்த மாதத்திலேயே தொகையை நிறுத்துவது வழக்கம். பள்ளிகளோ ஜூனில் திறக்குமுன் ஆசிரியர்களை எடுப்பவை. ஐப்பசியில் துக்கம் நேர்ந்தால், மருமகளுக்கு மீண்டும் வேலை கிடைக்க ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை அத்தொகை தொடரவேண்டும் என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ளலாம்.