குற்றாலச் சாரலை சர்வர் ரூமுக்குள்ள விடலாமா?

தென்காசிப் பக்கம் ஐடி வேலை பார்க்கற நண்பர்கள் என்கிட்ட கேட்கற கேள்வி இது: "சீசன்ல குற்றாலத்துல இவ்ளோ ஜில்லுனு காத்து அடிக்குதே, அதை அப்படியே டேட்டா சென்டருக்குள்ள விட்டா ஏசி செலவு மிச்சம்தானே?"

பாதி சரி. சர்வருக்குள்ள நுழையற காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம்னு ஆஷ்ரேங்கற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு பரிந்துரைக்குது. சாரல் காற்று பெரும்பாலும் அதுக்குள்ள வந்துடும். ஆனா ஈரப்பதத்துக்கும் வரம்பு இருக்கு. ஈரம் நீரா படியத் தொடங்கற வெப்பநிலை, அதாவது பனிநிலை, 15 டிகிரிக்கு மேல போகக்கூடாது. சாரல் காற்று அதைச் சுலபமா தாண்டிடும்.

சரி, ஈரத்தையும் எடுத்துட்டோம்னு வைங்க. அந்தக் குளிர் காற்று எங்க போகும்? காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசல்ல காற்று ஆளையே தள்ளறது தென்காசிக்கே தெரியும். வீசறது காற்றுதான், ஆனா வழியைத் தீர்மானிக்கறது கட்டடம். சர்வர் ரூமும் அப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோவாட் ரேக். அதுக்குள்ள போய் வர்ற காற்று 12 டிகிரி சூடாகுதுன்னா, நொடிக்கு சுமார் 700 லிட்டர் காற்று தேவை. முன்னாடி தரையில இருக்கற ஓட்டை டைல் 400 லிட்டர்தான் தருதா? சர்வர் ஃபேன் சும்மா இருக்காது. மீதியைச் சுத்துவட்டாரத்துலேர்ந்து இழுக்கும். ரேக்குக்குப் பின்னாடி வெளியேறின சூடான காற்றும் மேல் வழியா திரும்பி வரும். மேல் சர்வர்ல அலாரம் அடிக்கும். நாம ஏசியை இன்னும் குறைப்போம். பில் ஏறும், சூடு அங்கேயே நிக்கும்.

இதை முன்கூட்டியே காட்டறதுதான் சிஎஃப்டி சிமுலேஷன். அறையை லட்சக்கணக்கான குட்டிப் பெட்டிகளா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு காற்று வருது, போகுது, எவ்வளவு சூட்டைத் தூக்கிட்டுப் போகுதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். தீர்வு பல நேரம் மலிவுதான்: ரேக்ல காலி இடத்துக்கு மூடி, கேபிள் ஓட்டைக்கு அடைப்பு, டைலுக்கு வேற இடம். ஆனா ரேக்ல சென்சார் வச்சு ஒத்துப் பார்க்காம மாடலை நம்பாதீங்க.

தமிழ்நாடு அரசு 2021-ல டேட்டா சென்டர் கொள்கை வெளியிட்டுச்சு. சிறுசேரி, அம்பத்தூர்னு சென்னையைச் சுத்தி டேட்டா சென்டர்கள் வந்துட்டிருக்கு. கட்டி முடிச்ச பிறகு டைலை நகர்த்தலாம், கூரை உயரத்தை மாத்த முடியாது. அதனால கணக்கை வரைபடத்துலயே போட்டுடணும்னு நான் சொல்லுவேன். ஓப்பன்ஃபோம் இலவசம்தான், உங்க ரூம் ஏசியை வச்சே ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!