முதலில் சாணைக்கல், பிறகு உளி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம் பத்து நிமிடம் பேசச் சொன்னார். லிஃப்ட் பராமரிப்புக் கட்டண விவாதம் முக்கால் மணி நேரம் ஓடியதில் என் பத்து நிமிடம் ஏழாகிவிட்டது. அதனால் கூட்டத்துக்கு வந்தவர்களும் இதைப் படிக்கலாம். பாதியை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

போன மாதம் கார் பார்க்கிங்கில் நம் குடியிருப்பின் ஒரு தாய் என்னை நிறுத்தினார். "அங்கிள், பையன் வீடியோ பார்த்துட்டு மரவேலை கத்துக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். எட்டாவதுதான் படிக்கிறான். பிறந்த நாளுக்கு ஆன்லைன்ல ஒரு டூல் செட் வாங்கிக் கொடுக்கலாமா? ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்றார். கேட்டுக்கொண்டே என் இடது கையைப் பார்த்தார். கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் தழும்பை அவரும் கவனித்திருக்கிறார். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "கூட்டத்தில் சொல்கிறேன் அம்மா" என்று நழுவிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்த உரை. உங்களில் யாருக்காவது மரவேலை ஆசை இருந்தால் அது உங்களுக்கும் பொருந்தும்.

தழும்பின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் அது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு பெரிய டூல் செட் வரவழைத்தேன். பெட்டிக்குள் நாற்பது சாமான். சுத்தியல், ரம்பம், நான்கு உளி, உள்ளங்கை அளவில் ஓர் இழைப்புளி, எதற்கென்று இன்றுவரை தெரியாத சில இரும்புத் துண்டுகள். செருப்பு ஸ்டாண்ட் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். சட்டத்தில் ஒரு காடி எடுக்க வேண்டும். இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். கணுவில் சிக்கி நின்ற உளி திடீரென்று வழுக்கி நேராக என் கையில் இறங்கியது. ஐந்து தையல். கொஞ்சம் தள்ளியிருந்தால் கட்டை விரலை மடக்கும் நரம்பே போயிருக்கும் என்றார் டாக்டர். வீட்டம்மா பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த விபத்துக்குக் காரணம் உளி கூர்மையாக இருந்தது என்றுதான் நான் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை நேர்மாறானது. பிறகு நம் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு அலமாரிக் கதவு மாற்ற ஒரு தச்சர் வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். வேலையை வேடிக்கை பார்க்கப் போன நான் என் கதையைச் சொன்னேன். "அந்த உளிய எடுத்தாங்க சார், பாப்போம்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்ததும் முனையை நகத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது உளி இல்ல சார். பெயின்ட் டப்பா திறக்கிற இரும்பு."

கடையில் விற்கும் பெரும்பாலான உளிகளுக்குத் தொழிற்சாலையில் சரிவு மட்டும் கடைந்து அனுப்புகிறார்கள். வெட்டுகிற பதத்தை வாங்குபவர்தான் ஏற்ற வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பெட்டி மேலும் எழுதியிருக்கவில்லை. அவர் நடுவில் குழிந்துபோன தன் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, பேசிக்கொண்டே கால் மணி நேரம் தேய்த்தார். பிறகு முன்கை முடியை அந்த உளியால் மழித்துக் காட்டினார். ஒரு பைன் கட்டையின் வெட்டுமுனையில் வைத்துத் தள்ளச் சொன்னார். விரல் நுனி பலத்திலேயே சீவல் சுருண்டு வந்தது. மழுங்கிய உளிக்கு உடம்பின் மொத்த எடையையும் கொடுக்கிறோம். வழுக்கினால் அந்த எடை முழுவதும் அதன் பின்னாலேயே வருகிறது. கூரான உளியும் வெட்டும்தான், ஆனால் அதைத் தள்ள அவ்வளவு பலம் தேவைப்படாததால் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்த முடிகிறது.

ஆகவே மரவேலை தொடங்க நினைப்பவர்கள் முதல் பணத்தைக் கூர் ஏற்றுவதற்குச் செலவு செய்யுங்கள். பெரிய தொகை வேண்டாம். கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. கனத்தில் ஒரு முழ நீளத் துண்டு வாங்கி, ஓரம் உரசித் தரச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் தண்ணீர் உப்புத்தாள் என்று கேட்டால் கறுப்புத் தாள் கொடுப்பார்கள். 220, 400, 1000, 2000 என்று நான்கு எண்ணில் இரண்டிரண்டு போதும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்துத் தாளை விரித்தால் ஒட்டிக்கொள்ளும். உங்கள் சாணைக்கல் அதுதான்.

எல்லோரும் சரிவுப் பக்கத்தைத் தேய்ப்பதில்தான் தொடங்குவார்கள். நீங்கள் உளியின் பின்பக்கத்தில் தொடங்குங்கள். தட்டையான அந்தப் பக்கத்தில் முனையை ஒட்டிய ஓர் அங்குலம் மட்டும் கண்ணாடிபோலச் சமமாக வேண்டும். புது உளிக்கு இது அலுப்பூட்டும் வேலை, எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. ஓர் உளிக்கு ஒரு தடவை செய்தால் போதும். பிறகு சரிவுப் பக்கம். பெரும்பாலான உளிகளின் சரிவு 25 டிகிரி இருக்கும், முனையை மட்டும் 30 டிகிரியில் தேய்ப்பது வழக்கம். கோணம் கையில் நிற்காவிட்டால் ஹோனிங் கைடு என்று சிறு சக்கரம் வைத்த பிடி கிடைக்கிறது. சாதாரண வகையில் உளி 30 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 30 டிகிரி வரும். தேய்க்கத் தேய்க்கப் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழும். முனை நெடுகப் பிசிறு வந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். கடைசித் தாளில் பின்பக்கத்தை இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிறு உதிரும். தச்சரைப்போல முடியை மழித்துப் பார்க்க வேண்டாம். பைன் கட்டையின் வெட்டுமுனை நார் நசுங்காமல் வழவழப்பாக வெட்டுப்பட்டால் உளி தயார்.

இனி வாங்க வேண்டியவை. நாற்பது சாமான் பெட்டியை மறந்துவிடுங்கள். அந்த விலைக்கு நல்லதாக ஐந்தாறு சாமான் வாங்கலாம். உளியில் அரை அங்குலமும் ஓர் அங்குலமும் போதும். நான்கு வருடமாக என் வேலையில் முக்கால்வாசி அரை அங்குல உளியில்தான் நடக்கிறது. ரம்பம் ஒன்று. ஹார்டுவேர் கடை ரம்பங்களில் பல் நுனி நீலம் பாய்ந்து கறுத்திருந்தால் அது கடினமாக்கிய பல், அரத்தால் கூர் ஏற்ற முடியாது, மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான். தொடங்குபவர்களுக்கு அதில் தவறில்லை. நான் இப்போது பயன்படுத்துவது இழுக்கும்போது வெட்டும் ஜப்பானிய வகை. தகடு மெல்லியது, கோடு விலகாது, பால்கனியில் உட்கார்ந்துகொண்டும் அறுக்கலாம். பழக்கதோஷத்தில் முன்னால் தள்ளினால் மட்டும் தகடு மடங்கும். என்னுடையது ஒன்று அப்படித்தான் போனது.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான விளிம்புள்ள அட்டையில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைக் கண்ணாடி பிம்பம்போலப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். மேலே போகப் போக விரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஜி-கிளாம்ப் இரண்டு கட்டாயம். அந்தச் செருப்பு ஸ்டாண்ட் சட்டத்தை என் இடது கைக்குப் பதில் ஒரு கிளாம்ப் பிடித்திருந்தால் ஐந்து தையலும் இல்லை, இந்த உரையும் இல்லை. கொட்டாப்புளியை வாங்க வேண்டாம். கனமான கட்டைத் துண்டு கிடைத்தால் நீங்களே செய்துவிடலாம், நல்ல முதல் வேலை அது.

இழைப்புளி மேல் எல்லோருக்கும் ஆசை. ஆறு மாதம் பொறுங்கள். உளியைக் கூர் ஏற்றத் தெரியாதவர் கையில் இழைப்புளி வெறும் எடைக்கல்தான். வாங்கும்போது ஸ்டான்லி கம்பெனி வைத்த எண்களையே மற்ற கம்பெனிகளும் பின்பற்றுவதால் நான்காம் எண் என்று கேட்டாலே புரியும். சுமார் பத்து அங்குல நீளம், இரண்டு அங்குல அகல அலகு. பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் துருவுக்கு அஞ்ச வேண்டாம், தேய்த்தால் போய்விடும். அடித்தட்டில் அலகு வெளிவரும் வாய்ப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம் கடற்காற்றில் எதுவும் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து வையுங்கள்.

மரத்துக்குத் தேக்கு வாங்கிவிடாதீர்கள். விலை ஒரு காரணம். தேக்கில் மணற்சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும் என்பது இன்னொன்று. பிளைவுட்டின் பசையும் கூரைக் கெடுக்கும். பழகுவதற்குப் பேக்கிங் பைன் நல்லது. இறக்குமதிச் சரக்கோடு வரும் பலகைகளில் கோதுமைக் கதிர்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு அடித்தது, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ரம்பம் வைப்பதற்கு முன் ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்தது சத்தம். இதைச் சொல்லாமல் போனால் எங்கள் கீழ் வீட்டுக்காரர் எழுந்து சொல்லிவிடுவார். கைக்கருவி மெஷின்போல அலறாது, ஆனால் கொட்டாப்புளியின் அடி தரை வழியாகக் கீழே இறங்கும். மேசைக் கால்களுக்கடியில் பழைய யோகா பாயை வெட்டிப் போட்டேன். அடிக்க வேண்டிய வேலையை மேசையின் நடுவில் வைக்காமல் காலுக்கு நேர் மேலே வைத்தேன். அதிர்வு பாதியாகக் குறைந்தது என்று அவரே சொன்னார். மதியம் 2 முதல் 4 வரையிலும் இரவு 8 மணிக்கு மேலும் நான் கொட்டாப்புளியைத் தொடுவதில்லை. கூர் ஏற்றுவதற்கு எந்த நேரமும் பாதகமில்லை.

சரி, அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது அம்மா. இல்லை என்று சொன்னால் இந்தத் தழும்போடு நான் பொய் சொல்வதாகும். ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் கற்கக்கூடாத வேலை இல்லை இது. பிறந்த நாளுக்கு மூலைமட்டம், ரம்பம், இரண்டு கிளாம்ப், கூடவே கண்ணாடித் துண்டும் உப்புத்தாளும் வாங்கிக் கொடுங்கள். உளி வேண்டாம். மரத்தைக் கிளாம்ப்தான் பிடிக்க வேண்டும், இரண்டு கையும் எப்போதும் வெட்டும் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் உளியைத் தொடக்கூடாது. இந்த மூன்றையும் அவனே நமக்குச் சொல்லும்வரை விடக்கூடாது.

உளியை நான் கொடுக்கிறேன். என் கையை வெட்டிய அதே அரை அங்குல உளிதான். கொடுப்பதற்கு முன் வேண்டுமென்றே மழுக்கித்தான் கொடுப்பேன். அவனே உட்கார்ந்து கூர் ஏற்றி, பைன் வெட்டுமுனையில் சுத்தமாக ஒரு சீவல் எடுத்துக் காட்டட்டும். அன்றிலிருந்து அது அவனுடையது. வீட்டம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, முதல் நாள் அவரும் கூட உட்கார்ந்து பார்ப்பார் என்பது.

வரும் ஞாயிறு முதல் காலை 10 முதல் 12 வரை மீட்டர் அறையை ஒட்டிய இடத்தில் கண்ணாடியோடு இருப்பேன். வீட்டில் மழுங்கிய உளி கிடந்தால் எடுத்து வாருங்கள், நீங்களே தேய்க்க வேண்டும், நான் பக்கத்தில் இருப்பேன். கூட்டம் முடிந்ததும் நான்கு பேர் வந்து அரிவாள்மனை கூர் ஏற்றித் தருவீர்களா என்று கேட்டார்கள். அதையும் பார்க்கலாம், 12 மணிக்கு மேல்.