கையை நம்பிப் பிழைத்த கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"பி.காம். படிச்சுட்டு உடம்பு பிடிச்சு விடுற வேலையா?" என்று வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிஷம்.

எங்கள் ஊர் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி. எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒருவராவது சபுராளியாக இருப்பார். நானும் போனேன். துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கர். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, 'எங்கேயோ நடக்குது' என்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் எங்கள் சைட்டில் கிரேன் நின்றது. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்டு நிறுவனமே கடனைக் கட்ட அவகாசம் கேட்டது. அதற்கு முன்பே நான் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டேன்.

தங்கை கல்யாணக் கடன் பாக்கி. பெரம்பலூர், திருச்சி என்று அலைந்தேன். வேலை இல்லை. கடைசியில் கேரளத்தில் ஒரு ஆயுர்வேத வைத்தியசாலையில் கணக்கெழுதப் போனேன். எண்ணெய் தேய்க்க ஆள் குறையும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். மூத்த ஆசான் ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "பேனாவைவிட இதுக்கு எண்ணெய் பொருந்தும்" என்றார். ஒன்றரை வருஷம் அவரிடம் கற்றேன்.

பிறகுதான் நம் சித்த மருத்துவத்திலேயே இது இருப்பது தெரிந்தது. முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. ஜப்பானில் பதினேழாம் நூற்றாண்டிலேயே சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற வைத்தியர், பார்வையற்றவர்களுக்கு இந்தக் கைவேலையைப் பாடமாகவே சொல்லிக் கொடுத்தார். தாய்லாந்தின் முறையை 2019-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கேவலமான தொழில் என்றால் இதெல்லாம் நடக்குமா?

ஆனால் வீட்டில் நடந்தது வேறு. "துபாய் மாப்பிள்ளைன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்போ மாலீஸ்காரன்னா சொல்றது?" என்று அத்தா மூன்று மாதம் பேசவில்லை. ஒரு ராத்திரி தோள் பிடித்துக்கொண்டது. சட்டையைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

இனி, மாணவர்கள் கேட்க வேண்டிய விஷயம். பொருளாதாரம் படுத்தால் இந்தத் தொழில் நிற்குமா? சுகத்துக்காக வருகிறவர் முதலில் நின்றுவிடுவார். 2009-இல் கேரளத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் முந்தின வருஷத்தைவிடக் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். வலிக்காக வருகிறவர் அப்படி நிற்பதில்லை. தள்ளிப் போடுவார், பாதிக் காசு தருவார், ஆனால் வருவார். எங்கள் ஜில்லாவில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். குனிந்தே செய்கிற வேலை. அந்த முதுகுகளை நம்பித்தான் கடை போட்டேன். பெண்களுக்குப் பெண் கைதானே வேண்டும்? என் மனைவியும் கற்றுக்கொண்டார். இன்று அவர் வருமானம் என்னுடையதைவிட அதிகம்!

ஒரு மோசமான மாதம். மூன்று நாளாக ஒருவரும் வரவில்லை. விமானத்தில் வந்து இறங்கிய ஒரு டிரைவர், "கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கு, நல்லா அழுத்தி விடுங்க பாய்" என்று வந்தார். ஒரு கால் மட்டும் வீக்கம், தொட்டால் சூடு. கையை எடுத்துவிட்டேன். ரத்தம் உறைந்திருந்தால், அழுத்தினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உயிரே போகும். காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டுதான் போனார். அங்கே ரத்தக்கட்டி என்றே சொன்னார்கள். பசிக்கிற நேரத்தில் 'முடியாது' என்று சொல்லத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் படிப்பு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது என் கணிப்பும் தோற்றது. தொட்டுச் செய்கிற தொழில் ஒரே நாளில் நின்றது. வலி இருந்தது, வாசல் இல்லை. அன்று சோறு போட்டது நீங்கள் சொல்லிக் கொடுத்த கணக்குப்பதிவியல்தான், ஐயா! இரண்டு கடைகளுக்குக் கணக்கெழுதினேன்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, மூன்று சொல்கிறேன். ஒன்று, முறையாகப் படியுங்கள். இயன்முறை மருத்துவம் தனிப் பட்டப்படிப்பு. நாம் டாக்டர் இல்லை. காய்ச்சல், எலும்பு முறிவு, காரணம் தெரியாத வீக்கம் எதையும் தொடாதீர்கள். இரண்டு, தொழிலின் பெயர் சில இடங்களில் கெட்டுக் கிடக்கிறது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், கட்டணம் பலகையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்க்கும் வரை வேறு வேலையை விடாதீர்கள்.

இப்போதே சிலர் தோளைத் தடவிக்கொள்வது தெரிகிறது. சாப்பிட்ட உடனே பிடித்துவிடக் கூடாது. சாயங்காலம் வாங்க, பழைய நண்பர்களுக்குக் காசு கிடையாது!