'நீ ஏன் படிக்கல, அம்மா?'

தலைப்பு: கோடை விடுமுறையில் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாததற்குப் பெரிதும் காரணம் பிள்ளைகளா? பெற்றோர்களா?
('பெற்றோர்களே!' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பேசி முடித்த தெம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையிலிருந்து தப்பித்து வந்து எங்களிடம் மாட்டிக்கொண்ட பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் புத்தகம்னாலே கசக்குது. நாம என்ன செய்ய முடியும்?" என்றார். ஐயா, பாகற்காய் கூடத்தான் கசக்கும். அப்பா தட்டிலே பாகற்காய் கிடையாது, அம்மா தட்டிலேயும் கிடையாது. பிள்ளை மட்டும் சாப்பிடணும்னா, எந்தப் பிள்ளை ஐயா சாப்பிடும்? (கைதட்டல்)

முழுப் பரீட்சை முடிந்து வந்து பிள்ளை பையைத் தூக்கி மூலையில் போடுகிறான். மறுநாள் காலை ஆறு மணிக்கே எழுப்பி விடுகிறோம். கராத்தே, அபாகஸ், கீபோர்டு, நீச்சல்! பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டது. பெற்றவர்கள்தான் இன்னும் விடவில்லை! (சிரிப்பு) சாயங்காலம் களைத்து வருகிறவன் கையில் செல்போனைக் கொடுப்பதும் நாம்தான். பிறகு, "புத்தகமே படிக்க மாட்டேங்கறான்"னு புலம்புவதும் நாம்தான்.

சரி, 'படி, படி' என்கிறோமே, எந்தப் புத்தகத்தை? பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டு வாங்கி வந்த அடுத்த வகுப்புக் கணக்குப் புத்தகத்தை! புத்தகம் என்றால் மார்க்கு, மார்க்கு என்றால் திட்டு என்று பழக்கியது யார்? பிள்ளையா?

நடுவர் அவர்களே, நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். எங்களுக்கு லீவு விட்டால், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் பாயை விரிப்பார். கையில் 'பொன்னியின் செல்வன்' இருக்கும். 'கல்கி' இதழில் 1950லிருந்து வாராவாரம் வந்ததை யாரோ கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து, கை மாறிக் கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அட்டை போய்விட்டது. நடுவில் நாலு பக்கம் இல்லை.

அப்பா சத்தம் போட்டுப் படிப்பார். நாங்கள் மூன்று பிள்ளைகள் சுற்றிப் படுத்திருப்போம். எங்கள் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அதுதான் முதல் ஆளாக வந்து உட்காரும்! வந்தியத்தேவன் வசமாக மாட்டிக்கொள்கிற இடமாகப் பார்த்து, "மீதி நாளைக்கு" என்று அப்பா மூடிவிடுவார். "டேய், அந்தப் புள்ளை தப்பிச்சானா இல்லியா, அதை மட்டும் சொல்லிட்டுத் தூங்குடா"ன்னு அப்பாயி சண்டை பிடிக்கும்! (சிரிப்பு)

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் அப்பாயி என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் எழுத்துத் தெரியுமே, அப்பனுக்குத் தெரியாம படிச்சுச் சொல்லு தாயி" என்றது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்றேன் ஐயா. அதில் ருசி கண்டது என் அப்பாயி மடியில்! (கைதட்டல்)

அந்த நாலு பக்கம் இல்லாத இடம் வந்ததும் அப்பா நிறுத்தி, "இங்கே என்ன நடந்திருக்கும், சொல்லுங்க" என்பார். ஆளுக்கு ஒரு கதை விடுவோம். அப்பாயி விட்ட கதைதான் பெரிசு!

இவ்வளவு பேசுகிற நான் ஒழுங்கா? இல்லை. போன வருஷம் மே மாதம், ஏழாவது முடித்த என் மகளிடம், "சும்மாதானே இருக்கே, ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்கக் கூடாதா?" என்றேன். வாய்தான் அவளிடம் பேசியது; கண் செல்போனில் இருந்தது. அவள் கேட்டாள்: "புத்தகம் அவ்வளவு நல்லா இருக்கும்னா, நீ ஏன் படிக்கல, அம்மா?"

எதிரணி நண்பர்களே, என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

அப்பா காலமாகி எட்டு வருஷம். அன்று ராத்திரி பரணிலிருந்து அந்த பைண்டை இறக்கினேன். சத்தமாகப் படித்தேன். முதல் நாள் மகள் போனை விடவில்லை. இரண்டாம் நாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார்! (சிரிப்பு) அந்த இடமும் வந்தது. "அய்யோ, நாலு பக்கத்தைக் காணோமே!" என்றாள். "என்ன நடந்திருக்கும், நீயே சொல்லு" என்றேன். சொன்னது நான்தான், குரல் என் அப்பாவுடையது. (கைதட்டல்)

மறுநாள் காலை அவளே என் கையைப் பிடித்துக் கிளை நூலகத்துக்கு இழுத்துப் போனாள், அந்த நாலு பக்கத்தைத் தேடி! நான் அந்த வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

'புத்தகம் விற்கிற விலைக்கு வாங்க முடியுமா?' என்று கேட்பீர்கள். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948ல் நம் சென்னை மாகாணத்தில் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். காசு கட்டின சாப்பாட்டைச் சாப்பிடாமல் வருகிற ஆள் உண்டா? அதற்கும் முன்னால், 1931லேயே எங்கள் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசல் கிராமத்திலிருந்து மாட்டு வண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போனது. அன்று புத்தகம் வண்டி கட்டிக்கொண்டு நம்மைத் தேடி வந்தது. இன்று அடுத்த தெருவில் இருக்கிற புத்தகத்தைத் தேடி நாம் போவதில்லை!

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். நம் ஊரில் லீவு விடுகிற சமயம். அன்றைக்கே ஆரம்பியுங்கள். ராத்திரி அரை மணி நேரம் எல்லோர் செல்போனும் ஒரு கூடையில்! முதல் போன் அப்பாவுடையது. பிள்ளை எந்தக் கதையை எடுத்தாலும் சரி, தடுக்காதீர்கள். ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பாட்டியையும் கூப்பிடுங்கள்.

நடுவர் அவர்களே! பிள்ளை நாம் சொல்வதைக் கேட்டு வளர்வதில்லை. செய்வதைப் பார்த்து வளர்கிறது. ஆகவே, காரணம் பெற்றோர்களே, பெற்றோர்களே என்று தீர்ப்பு வழங்குங்கள். அந்தக் குற்றவாளிக் கூண்டில் முதல் ஆளாக நானே நிற்கிறேன் என்று சொல்லி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)