கதிரவனை நம்பிய நகரம்



தனி மனிதன் ஒருவன் தந்த வாக்கைத் தன் ஆயுள் உள்ளவரை காத்தால் போதும். ஒரு நகரம் தரும் வாக்கோ, அதைத் தந்தவர்கள் பதவியை விட்டு நீங்கிய பின்னரும் காக்கப்பட வேண்டும். கதிரவனின் ஆற்றலைப் பயன்படுத்துவது என்று அத்தகைய வாக்கை மேற்கொண்ட ஒரு நகரத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஐரோப்பாவின் படத்தை விரித்து, ஜெர்மனியின் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். கருங்காடு என்னும் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஃப்ரைபர்க் என்ற நகரம் தென்படும். அதன் மேற்கே ரைன் நதி. நதிக்கு அப்பால் பிரான்சு நாடு. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊர். 1457ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகத்தை உடையது. ஜெர்மனியில் வெயில் மிகுந்த நகரங்களுள் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். ஆயினும் அது ஏறத்தாழ 48 பாகை வட அட்சரேகையில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே பகற்பொழுது குறுகும், வெயில் மெலியும். எனவே, வெயில் மிகுதியால் மட்டும் அந்நகரம் இவ்வழியை நாடிற்று என்று கூற இயலாது.

பின் காரணம் யாது? ஃப்ரைபர்க்குக்கு வடமேற்கே, ரைன் நதிக்கரையில் வீல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே அணுமின் நிலையம் அமைக்க மாநில அரசாங்கம் திட்டமிட்டது. அதை எதிர்த்து முன்வந்தவர்களுள் திராட்சை பயிரிடுவோரும் இருந்தனர். குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி மூடுபனியாகப் படர்ந்து, கொடிகளுக்கு வேண்டிய வெயிலை மறைத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். 1975 பிப்ரவரியில் வேலை தொடங்கியதும், உழவர்களும் இல்லத்தரசிகளும் மாணவர்களும் அந்நிலத்தில் சென்று அமர்ந்தனர். காவலர் அவர்களை அகற்றினர். சில நாட்களுக்குள் பல்லாயிரவர் திரும்பி வந்தனர்.

அம்மாநிலத்தின் முதல்வராக விளங்கிய ஹான்ஸ் ஃபில்பிங்கர் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: இந்நிலையம் இல்லையேல், பத்தாண்டின் முடிவில் மாநிலத்தில் விளக்குகள் அணையத் தொடங்கும் என்பது அதன் கருத்து. எதிர்த்தவர்கள் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கணக்கில் தவறான விடையை அடித்துவிட்டதனால் மட்டும் மாணவனுக்கு மதிப்பெண் கிடைத்துவிடுமா? சரியான விடையையும் எழுதியாக வேண்டும் அன்றோ? வேண்டா என்று சொன்னவர்கள், வேண்டுவது எது என்பதையும் காட்ட வேண்டியவர் ஆயினர்.

விடை தேடும் முயற்சியில் விஞ்ஞானம் துணை நின்றது. மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கனைத் தகடாக்கி, தக்க முறையில் பக்குவப்படுத்தினால், ஒளி படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓடும். அவ்வோட்டமே மின்சாரம். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் செய்து காட்டிய தகடு, தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் சுமார் 6 சதவீதத்தையே மின்சாரமாக மாற்றிற்று. இன்று விற்பனையாகும் நல்ல தகடுகள் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றுகின்றன. இத்துறைக்கென 1981இல் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர் என்னும் அறிஞர் ஃப்ரைபர்க்கில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அதுவே ஃப்ரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிலையம்.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்தது. அவ்வாண்டே ஃப்ரைபர்க் நகரசபை, அணுமின்சாரத்தை விட்டு விலகுவதெனத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்துடன் நில்லாமல் மூன்று வழிகளையும் வகுத்தது. ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுதல் முதல் வழி. மின்சாரம் ஆக்கும்போது வீணாகும் வெப்பத்தை வீடுகளுக்குக் குழாய்வழி அனுப்புதல் இரண்டாவது. கதிரவன் முதலிய குன்றாத மூலங்களை நாடுதல் மூன்றாவது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். சிக்கனம் முதலில் நிற்கிறது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் வார்த்தாலும் நிறையாது. 1992இல் நகரசபை, தனக்குரிய நிலத்தில் எழும்பும் புதிய வீடுகள் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 65 கிலோவாட் மணிக்கு மேல் வெப்பம் செலவிடாதபடி கட்டப்பட வேண்டும் என்று விதித்தது. ஓட்டையை அடைக்கும் வேலை இதுவே.

பின்னர்க் கண்ணுக்குத் தெரியும் பலன்கள் வந்தன. 1994இல் ரோல்ஃப் டிஷ் என்னும் கட்டடக் கலைஞர், சூரியகாந்திப் பூவைப் போலக் கதிரவனை நோக்கிச் சுழலும் வீடு ஒன்றைக் கட்டினார். 1992இல் பிரெஞ்சுப் படையினர் விட்டுச் சென்ற பாசறை நிலத்தில் வோபான் என்னும் குடியிருப்பு எழுந்தது. அதனருகே இவர் அமைத்த 59 வீடுகள், ஓராண்டில் தாம் செலவிடும் ஆற்றலைவிட மிகுதியாக ஆக்கித் தருமாறு வகுக்கப்பட்டவை. கால்பந்தாட்ட அரங்கின் கூரையிலும் தகடுகள் ஏறின. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனி இயற்றிய சட்டம், கூரை மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை கிடைக்கச் செய்தது. ஆகவே சாதாரணக் குடும்பத்தாரும் துணிந்து முதல் போட முடிந்தது.

இதனால் ஃப்ரைபர்க் தன் தேவை முழுவதையும் தன் கூரைகளிலிருந்தே பெற்றுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இரவிலும் குளிர்காலத்திலும் அது வெளியிலிருந்து மின்சாரம் பெறவே செய்கிறது. ஜெர்மனியின் கடைசி அணுமின் நிலையங்கள் 2023 ஏப்ரலில் மூடப்பட்டன. அது தக்க முடிவுதானா என்ற வாதம் அந்நாட்டிலேயே ஓயவில்லை. ஆனால் ஒன்று உறுதி. வீல் நிலையம் கட்டப்படவே இல்லை. எச்சரித்தபடி விளக்குகளும் அணையவில்லை. அந்நிலத்தில் இன்று வனம் பாதுகாக்கப்படுகிறது.

மாணவர்களே! வெயில் யாவருக்கும் பொது. அதைப் பயனாக்கியவை ஒரு தீர்மானமும், ஒரு கட்டட விதியும், ஓர் ஆராய்ச்சி நிலையமும், பல்லாண்டுப் பொறுமையுமே. நாளை நீங்கள் பொறியாளராகலாம், நகரசபை உறுப்பினருமாகலாம். ஒன்றை வேண்டா என்று நீங்கள் கூறும் நாளும் வரும். அப்போது, மறுநாள் காலை தொடங்கிச் செய்ய வேண்டிய வேலையின் பட்டியலும் உங்கள் கையில் இருக்கட்டும்.